நிலையம் போட்ட வீணைத் தட்டு

ஒரே ஒரு ஆள் தன் வாயால் ஒரு ஊரையே களைத்துப்போக வைக்க முடியுமா என்று கேட்டால், எங்கள் ஊரில் எல்லோரும் 'நிலையம்' பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். அவர்களிலும் அதிகம் களைத்தவன் நான். எழுபதுகளில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் டவுன் பஞ்சாயத்து ஆபீசில் புகார் வாங்கும் கிளார்க்காக உட்கார்ந்திருந்தேன். வந்த புகாரில் பாதி குடிநீரைப் பற்றி, மீதி அவரைப் பற்றி.

பஞ்சாயத்துப் பூங்காவில் ஒரு ரேடியோ அறை உண்டு. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். காலையும் மாலையும் மெட்ராஸ் செய்தியையும் விவசாயிகள் நிகழ்ச்சியையும் வைத்துவிட்டு மூட வேண்டியதுதான் ஆபரேட்டர் வேலை. மைக் இருந்தது வரி கட்டச் சொல்லவும் அம்மை ஊசிக்குக் கூப்பிடவும். ஆபரேட்டராக இருந்த இவர் அதைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், பூங்கா நிலையம்" என்று ஆரம்பித்தார். பெயரும் அப்படியே நிலைத்தது.

மெட்ராஸ் ஓய்ந்த நேரமெல்லாம் அவர் நேரம். மாமல்லபுரம் பஸ் வந்து நின்றதும் கண்டக்டரிடம் விசாரித்து 'கடலோரச் செய்தி' வாசிப்பார். "இன்னிக்கி சங்கரா நல்லா பட்டுக்கீது. வஞ்சரம்னு யாராச்சும் வித்தா அது நேத்து மீனு, உஷாரு." அடுத்த நிமிடம் மீன்கூடையோடு ஒரு அம்மா என் மேஜை முன்னால் நிற்பார். "இன்னா சார், உங்க ரேடியோக்காரன் என் பொயப்புல மண்ண போட்டுகினு கீறான், நீ குந்திகினு கீற?" கூடையை மேஜைமேல் வைக்காதீர்கள் என்பதற்குமேல் பேச எனக்குத் தெம்பு இருக்காது.

மாலையில் நேயர் விருப்பம். கேட்டவர் பெயர், தெரு, மாமியார் பெயர் வரை சொல்லிவிட்டு, "இந்தப் பாட்டு நம்மகிட்ட இல்ல. தெரிஞ்சவங்க பாடிக்கங்க" என்று ஒரு பாட்டு நேரம் சும்மா இருப்பார். பஸ் ஸ்டாண்டில் சிலர் நிஜமாகவே பாடினார்கள். பஞ்சாயத்து வாங்கித் தந்திருந்தது ஒரே இசைத்தட்டு, அதுவும் வீணை.

அந்தத் தட்டால்தான் வந்தது வம்பு. பெரிய தலைவர் யாராவது காலமானால், அக்காலத்தில் ரேடியோவில் எல்லா நிகழ்ச்சியும் நின்று நாள் முழுக்க சோகமாக வீணை ஒலிக்கும். ஒரு நாள் காலை விவசாயிகள் நிகழ்ச்சி பாதியில் நின்றது. வீணை கேட்டது. மார்க்கெட்டில் கடைகள் படபடவென்று மூடின. பள்ளிக்கூடம் விட்டார்கள். ஹோட்டலில் அடுப்பை அணைத்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும், போனது தங்கள் தலைவர்தான் என்று எதிரெதிரே நின்று அழுதுகொண்டே கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். எங்கள் செயல் அலுவலர் பூங்காவுக்கு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன்.

"யாருய்யா போனது?"

"நம்ம அஞ்சலை சார்."

"எந்த அஞ்சலை?"

"பார்க்கு பெருக்குமே சார், அதான். ராத்திரி பூட்ச்சி. சொந்தம்னு ஒரு நாதி இல்ல. தூக்கறதுக்கு நாலு பேரு வோணாமா?"

அலுவலருக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பவே மைக்ல மன்னிப்பு கேளு. இல்லேன்னா ரூம் சாவிய வச்சிட்டுப் போ."

அந்த அறையை விட்டால் அவருக்கு உலகம் கிடையாது. கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை; கேட்டால், "டைம் ஏது சார்?" என்பார். மைக்கை எடுத்தார்.

"ஒரு திருத்தம். காலமானது தலைவர் யாரும் இல்ல. பார்க்கு பெருக்குற அஞ்சலை. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறோம். கடையத்தான் மூடிட்டீங்களே, அப்டியே வந்துட்டு போங்க."

ஊரே வைதது. வைதுகொண்டே வந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அவ்வளவு கூட்டத்தை எங்கள் ஊர் எந்தச் சாவிலும் பார்த்ததில்லை. காரியம் முடிந்து வந்து, நிலையம் சாவியை என் மேஜையில் வைத்தார். "இன்னொரு தபா ஆனாலும் அப்டித்தான் சார் போடுவேன்."

அவரைக் குடிநீர்த் தொட்டிக்கு வாட்ச்மேனாக மாற்றினார்கள். புது ஆபரேட்டர் நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடினார். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. வருஷக்கணக்கில் நான் ஏங்கிய நிம்மதி அது. ஒரு வாரத்துக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் தொட்டிப் பக்கம் நடப்பேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். இருட்டும் வரை நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.