பட்டனை அழுத்த அனுமதி

நாடு சுதந்திரம் அடைந்த மூன்றாம் ஆண்டில் காஜா பேராங் என்கிற எங்கள் வட்டாரத்தில் மோட்டார் பந்தயம் தொடங்கியது. பந்தயத்தில் இறங்கிய கனவான்கள் ஒருவரிடமும் மோட்டார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. இவ்விரண்டும் ஒரு தடையாக யாராலும் கருதப்படவில்லை.

பந்தய வண்டி என்பது முழங்கை நீளத்தில் ஒரு தகர மோட்டார். ஜப்பான் சாமான். வயிற்றில் டார்ச் லைட் பேட்டரி. கையில் வைத்துக்கொள்ள ஒரு பெட்டி, பெட்டியில் ஒரே ஒரு பட்டன். வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பி இல்லை. ஒரு தடவை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும்; இன்னொரு தடவை அழுத்தினால் நேரே போகும்; மறுபடி அழுத்தினால் வலப்பக்கம்; அப்புறம் நிற்கும். எல்லாம் ரேடியோ அலை செய்கிற வேலை என்று ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடை வைத்திருக்கும் உமர் பாய் சொன்னார். விற்கிறவரே சொல்லும்போது யார் மறுப்பது?

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்கினார்கள். பிள்ளைகள் அட்டைப் பெட்டியைப் பார்த்ததோடு சரி. “தொடாதே, இது விளையாட்டுச் சாமான் இல்ல!” என்று என் வீட்டுக்காரர் ஜெயபாலன் எங்கள் மகளை விரட்டியதை நான் என் காதால் கேட்டேன். பிறந்தநாள் அவளுடையது.

வண்டிகள் சேர்ந்ததும் சங்கம் சேர்ந்தது. தலைவர் ராஜரத்தினம். தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் “தங்கள் மேலான கவனத்துக்கு” என்று ஆரம்பிப்பார். சங்கத்தின் முதல் தீர்மானம்: மோட்டார் பந்தயம் பணக்காரர்களுக்கே உரியது என்ற காலனித்துவ மனப்பான்மையை ஒழித்து, சாமானியனும் எட்டக்கூடிய மலிவுப் பந்தயத்தை இந்நாட்டில் நிலைநாட்டுவது. ஆகவே தகர மோட்டாரைத் தவிர வேறு வண்டி கூடாது. இரண்டாம் தீர்மானம்: பந்தயக்காரர் ஒவ்வொருவரும் வெள்ளைக் கோட்டு, தோல் கையுறை, தூசிக் கண்ணாடி அணிந்தே தீர வேண்டும்.

நின்ற இடத்தில் நின்றுகொண்டு கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்துகிறவருக்குக் கண்ணில் எங்கிருந்து தூசி விழும் என்று கேட்டேன்.

“உனக்கு ஸ்போர்ட்ஸ் பத்தி என்ன தெரியும்?” என்றார் என் வீட்டுக்காரர்.

கோட்டுகளைத் தைத்தது உமர் பாயின் மனைவி பஷீரா. மின்சாரத் தையல் மிஷின் வைத்திருக்கிறவள் எங்கள் வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். மலிவு வண்டிக்கு ஏற்ற கோட்டு எடுத்ததில் அந்த மாதம் எங்கள் வீட்டு மீன் குழம்பில் குழம்பு மட்டும் இருந்தது.

முதல் பந்தயம் பஷீரா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பேட்மிண்டன் திடலில் நடந்தது. ஒரு பக்கம் அவள் ஜன்னல், மறுபக்கம் லோங்காங் என்கிற சாக்கடை. ராஜரத்தினம் விசில் ஊதினார். வண்டிகள் புறப்பட்டன. யாரோ ஒருவர் அழுத்தினார். எல்லா வண்டியும் இடப்பக்கம் திரும்பின. எல்லாரும் அழுத்தினார்கள். எல்லா வண்டியும் வெறி பிடித்த மாதிரி ஆடின.

“யோவ், நான் அழுத்தினா உன் வண்டி ஏன்யா திரும்புது?” என்று கத்தினார் தியாகு. பள்ளிக்கூட வாத்தியார், குரல் அப்படி.

“உங்க வண்டி என் வண்டியைப் பார்த்து காப்பியடிக்குது வாத்தியாரே!” என்றார் என் வீட்டுக்காரர்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அது கண்டறிந்த உண்மை: எந்தப் பெட்டியை அழுத்தினாலும் எல்லா வண்டியும் கேட்கும். புத்தியுள்ளவர்கள் அன்றைக்கே வண்டிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் சங்கம் வைத்தவர்கள். ஆளாளுக்கு அழுத்துவதால்தான் குழப்பம், எனவே இனிமேல் தலைவர் ஒருவரே அழுத்துவார், மற்றவர்கள் பெட்டியைக் கையில் ஏந்தலாம், அனுமதியின்றிக் கட்டைவிரல் பட்டனில் படக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

அதன்பின் பந்தயம் மிக ஒழுங்காக நடந்தது. ராஜரத்தினம் அழுத்துவார். எல்லா வண்டியும் சேர்ந்து திரும்பும். யாருடைய பேட்டரி புதிதோ அவர் ஜெயிப்பார். “என்ன லாவகமா வளைச்சீங்க!” என்று மற்றவர்கள் அவருக்குக் கை கொடுப்பார்கள். அவரும் கையுறையைக் கழற்றிவிட்டு அடக்கமாகச் சிரிப்பார்.

நாங்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டிருப்போம். ஆனால் ராஜரத்தினம் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அந்த வட்டாரத்து ரேடியோக்கள் அத்தனையும் கரகரவென்று உறுமின.

பக்கத்து வீட்டுப் பூங்காவனத்துக்கு அது உயிர் போகிற விஷயம். அவள் மகள் விஜயாவை மெர்டேக்கா என்கிற சுதந்திர தினத்தன்று வானொலியில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். கோலாலம்பூருக்கே போய், நேரடி ஒலிபரப்பில், நாலு மணிக்கு ஒரே ஒரு பாட்டு. அதைக் கேட்பதற்காகவே பூங்காவனம் ரேடியோ வாங்கி, லைசென்ஸ் எடுத்து, மேலே பூ வேலை செய்த துணி போட்டு வைத்திருந்தாள். சங்கத்தின் மெர்டேக்கா கோப்பைப் பந்தயமும் அதே நாள், அதே நாலு மணி.

“ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி வைங்களேன்,” என்று ராஜரத்தினத்திடம் கெஞ்சினாள்.

“நோட்டீஸ் அச்சாகிவிட்டதம்மா. அச்சானதை மாற்ற எனக்கே அதிகாரமில்லை.”

“நோட்டீஸ் அடிச்சது நீங்கதானே?”

“அடித்தது தலைவர். இப்போது பேசுவது ராஜரத்தினம்.”

சரி, மேலிடத்துக்கே போவோம் என்று அவளை இழுத்துக்கொண்டு ரேடியோ லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கே சேதுராமன் என்ற அதிகாரி எங்களை நெடுநேரம் நிற்க வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன கம்ப்ளேயின்?”

“ரேடியோவில ஒண்ணும் கேட்க முடியல சார். ஒரே கரகரப்பு,” என்றேன்.

“லைசென்ஸ் இருக்கா?”

“இருக்கு.”

“லைசென்ஸ் எதுக்கு? ஒலியைக் கேட்க. கரகரப்பு கேட்குதா?”

“நல்லாக் கேட்குது சார்,” என்றாள் பூங்காவனம்.

“கரகரப்பும் ஒலிதானே? அப்போ உங்க லைசென்ஸ் சரியா வேலை செய்யுது.”

“சார், என் மக பாடப் போறா.”

“பாட்டை அனுப்புறது நிலையத்தோட பொறுப்பு. வாங்குறது உங்க பொறுப்பு. நடுவில வர்றது இயற்கை.”

“இயற்கை இல்ல சார். ராஜரத்தினம்,” என்றேன் நான்.

அப்புறம் தகர மோட்டார் கதையைச் சொன்னதும் மனிதர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். “ரேடியோ அலையில ஓடுதா? அப்போ வண்டிக்குள்ள ரேடியோ இருக்கே! லைசென்ஸ் எங்கே?”

தொலைந்தது பந்தயம் என்று பூங்காவனமும் நானும் வழியில் பலகாரம் வாங்கித் தின்றுகொண்டே வீடு திரும்பினோம். அரசாங்கத்தை அவ்வளவு சுலபமாக எடை போட்டுவிடலாமா?

சேதுராமன் வந்தார். சோதித்தார். வண்டி ரேடியோ அலையைக் கேட்கிறது. கேட்டபடி நடக்கவும் செய்கிறது. (எங்கள் வீட்டில் அந்த இரண்டையும் செய்கிறவர் வேறு யாரும் இல்லை.) ஆகவே ஒவ்வொரு வண்டியும் ஒரு வானொலி நேயர், ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ். ஒரே மாலையில் காஜா பேராங்கில் நேயர்கள் தொகை பெருகியது. மேலும், தரையில் ஓடுவது மோட்டார். மோட்டாருக்கு நம்பர் தகடு. ஓட்டுகிறவர் யாரும் டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணாதவர். ஆகவே எல்லா வண்டியிலும் ‘எல்’ அட்டை. ‘எல்’ அட்டை இருந்தால் பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தகர மோட்டாருக்குள் உட்கார முடியாது. ஆகவே திடலில், பழகுகிறவருக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்காரலாம்.

அதற்கும் ஆள் பிடித்தார்கள். டாக்சிக்காரர்கள் வந்து வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வாய்த்தவர் அப்துல் கய்யூம்.

“பிரேக் பிடி லா! வளைவு வருது, பிரேக் பிடி!” என்று அவர் பழக்க தோஷத்தில் காலைத் தரையில் உதைப்பார்.

“பிரேக் இல்ல பாய்.”

“பிரேக் இல்லாத வண்டிக்கு எப்படி நம்பர் குடுத்தான்?”

“பட்டனை அழுத்தவும் எனக்கு அனுமதி இல்ல.”

“அப்புறம் நான் உனக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?”

மெர்டேக்கா கோப்பைக்குத் தலைமை விருந்தாளி சேதுராமனேதான். வரும்போது புது வெள்ளைக் கோட்டு, கையுறை, கக்கத்தில் சொந்தமாக ஒரு தகர மோட்டார்.

இனி அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை. பஷீரா என் காதில் சொன்னாள்: “அக்கா, நான் மிஷின் ஓட்டினாலும் ரேடியோ கரகரக்குது, அவங்க வண்டியெல்லாம் ஆடுது. கோட்டு தைக்கும்போதே பார்த்தேன். இவங்க காத்துன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க.”

“அதையா இவ்வளவு நாள் வாயில அடைச்சு வச்சிருந்தே?” என்றேன்.

அன்று விசில் ஊத நேரம் வரும் முன்பே, முன்னோட்டத்துக்காக வண்டிகளைத் திடலில் விட்டிருந்தார்கள். பஷீரா ஜன்னலோரம் ஒரு பழைய கைலியை எடுத்து வைத்து, இல்லாத கிழிசலைத் தைத்தாள். மிஷின் பொரிந்தது. திடலில் அத்தனை வண்டிகளும் ஒன்றாகத் தலையைத் திருப்பி, அணிவகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக லோங்காங்கில் இறங்கின. சேதுராமனின் புது வண்டி கடைசியாக, பதவிக்கேற்ற நிதானத்துடன் விழுந்தது.

“நான் அழுத்தவே இல்லை!” என்று அலறினார் ராஜரத்தினம்.

“உங்களைத் தவிர வேற யாருக்கும் அனுமதி இல்லையே, ஐயா,” என்றார் தியாகு.

பந்தயம் முடிந்தது. பஷீரா மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். நாங்கள் பூங்காவனம் வீட்டு ரேடியோ முன் உட்கார்ந்தோம். வேலையற்றுப் போன கனவான்களும் பெட்டியும் கையுமாக உள்ளே வந்து நின்றார்கள். ரேடியோ அவ்வளவு தெளிவாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. பாட்டுக்கு முன்னால் ஓர் உயரதிகாரி ‘நேரம் தவறாமை’ என்ற பொருளில் சிற்றுரை ஆற்றிக்கொண்டிருந்தார். நாலு மணி ஆயிற்று. ஆற்றினார். நாலு தாண்டியது. அவர் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. “இரண்டாவதாக,” என்றார்.

பூங்காவனம் எழுந்தாள். “ஐயா, இந்த ஆளு முடிக்கிற வரைக்கும் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அழுத்துங்களேன்!”

ராஜரத்தினம் சேதுராமனைப் பார்த்தார். சேதுராமன் கூரையைப் பார்த்தார். “உறுப்பினர்கள் அனைவருக்கும் இதனால் அனுமதி வழங்கப்படுகிறது,” என்றார் தலைவர்.

இவ்வளவு நாளும் கட்டைவிரலைத் தூக்கியே வைத்திருந்தவர்கள்! கரகரப்பு காதைப் பிளந்தது. உயரதிகாரி மறைந்தார். நடுநடுவே நிறுத்திப் பார்ப்பது என்றுதான் பேச்சு. யார் நிறுத்துவது? தியாகு நிறுத்தினால் என் வீட்டுக்காரர் அழுத்தினார். சேதுராமன் இரண்டு கையாலும் அழுத்தினார். “குடுங்க, நானும் ஒரு தடவை,” என்று பஷீரா பிடுங்கினாள். நானும் அழுத்தினேன். நன்றாகத்தான் இருந்தது.

ஓய்ந்தபோது ரேடியோ சொன்னது: “இத்துடன் நமது சிறப்பு நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பூங்காவனம் ரேடியோவின் துணியை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

“பாட்டு ரேடியோவுக்குள் வந்து சேர்ந்ததில் சந்தேகமில்லை,” என்றார் சேதுராமன்.

“ஆகவே கேட்கப்பட்டதாகக் கருதப்படும்,” என்றார் ராஜரத்தினம். முதல் தடவையாக அவருடைய தீர்மானத்துக்குப் பெண்களும் கை தூக்கினோம். பிள்ளை மனசு நோகக்கூடாதே.

மறுநாள் காலை விஜயா டாக்சியிலிருந்து இறங்கினாள். முகம் வாடியிருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே நாங்கள் சூழ்ந்துகொண்டோம்.

“பிரமாதம்மா! சுருதி சுத்தம்!” என்றார் ராஜரத்தினம்.

“அந்த ரெண்டாவது அடியில ஒரு இழுப்பு இழுத்தியே, அப்பப்பா!” என்றாள் பஷீரா.

“உச்சரிப்பு கணீர்னு இருந்துச்சு,” என்றார் தியாகு. சேதுராமன் கண்ணில் நீர் வந்ததாகச் சொன்னார். முடிவுதான் எல்லாவற்றிலும் அருமை என்று நான் சொன்னேன்.

விஜயா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

“நான் பாடவே இல்லையே. அந்தப் பெரிய மனுஷர் பேச்சு முடியல, நேரமாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க.”

பூங்காவனம்தான் முதலில் சுதாரித்தாள். மகளின் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தபடியே சொன்னாள்:

“அதனால என்ன? அடுத்த வாரமும் இதே மாதிரி பாடிடு.”