மொன்சூன் கிங்கின் தோல்வியறியாத ஏழு ஆண்டுகள்

உலகத்தில் எத்தனையோ குதிரைகள் ஓடி வென்றிருக்கின்றன. அதிலே பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நாலு கால் இருந்தால் ஓடலாம். மற்றக் குதிரைகள் மெதுவாக ஓடினால் வெல்லவும் செய்யலாம். ஆனால் ஓடாமலே ஏழு வருடம் தோல்வி காணாதிருந்த குதிரை, குதிரைகளின் சரித்திரத்தில் ஒன்றே ஒன்றுதான். அது திருகோணமலைத் துறைமுகத்தில், நான்காம் இலக்கக் களஞ்சியத்தில், நங்கூரச் சங்கிலிகளுக்கும் பெயின்ற் தகரங்களுக்கும் நடுவில் நின்றது. அந்தச் சாதனையின் பெருமையில் பாதி குதிரைக்குச் சேரும். மற்றப் பாதி பிரதம களஞ்சியக் காப்பாளர் திருவாளர் நிக்கலஸ் அவர்களுக்குச் சேரும். அவரும் அதை மறுத்ததில்லை.

குதிரையின் பெயர் மொன்சூன் கிங். அசல் பந்தயச் சாதி. தகப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாருடைய பெயரும் எழுதிய கடதாசி அதற்கு இருந்தது. எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் வம்சம் விசாரித்துக் கலியாணம் பேசுகிற வீடுகளிலேயே அப்படியொரு கடதாசி இருந்ததில்லை. கொழும்பில் ஏழு பந்தயம், நுவரெலியாவில் நாலு பந்தயம். பதினொன்றிலும் அதுதான் முதலாவது. கொழும்பில் பந்தயம் நின்றுபோனபோது, திருகோணமலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கப்டன் அதை வாங்கிக்கொண்டு வந்தார். விடிய எழும்பி உப்புவெளிக் கடற்கரையில் ஓட விடுவார். அதன் கால் மணலில் பட்டதைத் தாங்கள் காணவேயில்லை என்று வலைகாரர் சத்தியம் பண்ணுவார்கள்.

1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். கப்டன் தன்னுடைய நாயைக் கப்பலில் ஏற்றினார். குதிரைக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே, விட்டுப்போன சாமான்களின் பட்டியலில், 'கொக்கி, இரும்பு – 212' என்பதற்கும் 'ஏணி, மூங்கில் – 6' என்பதற்கும் இடையில் ஒரு வரி சேர்ந்தது: 'குதிரை, பந்தயம், சாம்பியன் – 1. நல்ல நிலை.' நிக்கலஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒன்று என்று எண்ணி, கையெழுத்து வைத்தார்.

நிக்கலசை அறியாதவர்களுக்கு அவருடைய தொழில் தர்மத்தைச் சொல்லிவிட வேண்டும். சாமானைப் பாவிக்கக் கொடுத்தால் அது பழுதாகும். பழுதானால் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதினால் கேள்வி வரும். ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாலோ, வருடாவருடம் கொழும்பில் இருந்து வருகிற கணக்கெடுப்பு அதிகாரி 'நல்ல நிலை, பாவிக்கப்படவில்லை' என்று எழுதிக் கைகொடுத்துவிட்டுப் போவார். இருபத்து நான்கு வருடச் சேவையில் நிக்கலசின் புத்தகத்தில் சிவப்பு மை பட்டதில்லை. யுத்த காலத்தில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்றைக்குக்கூட, தீயணைக்க வாளி கேட்டு ஓடி வந்தவர்களிடம் அவர் சாமான் வழங்குவதற்கான முறையான சிட்டை கேட்டவர். பக்கத்துக் கட்டடம் எரிந்து முடிந்தது. வாளி பதினெட்டும் புத்தம் புதிதாக இருந்தன.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது, மனைவி மக்டலினிடம் செய்தியைச் சொன்னார்.

“குதிரைக்கோ கையெழுத்து வைச்சனீங்கள்?” என்றார் மக்டலின்.

“ஓம். ஒண்டு. எண்ணிக்கை சரியா இருந்தது.”

“ஓடுமோ?”

“நல்லா ஓடும். ஆனா நான் ஓட விடமாட்டன்.”

“அப்ப என்னத்துக்கு அது?”

“என்னத்துக்கோ? நீர் அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிற பூப்போட்ட கோப்பையளில நாங்கள் எப்ப சாப்பிட்டனாங்கள்?”

மக்டலின் வழக்கமான தகரத் தட்டில் சோற்றைப் போட்டார். அந்தச் சாப்பாட்டுக் கோப்பைகள் அவர்களுடைய கலியாணத்துக்கு வந்தவை. இருபது வருடமாக அவற்றில் சாப்பிடுகிற தகுதியோடு ஒரு விருந்தாளியும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

குதிரையோடு அதைப் பார்த்துவந்த பக்கீரும் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்தார். கொழும்புப் பந்தயத் திடலில் இருந்தே அதன் கூட வந்தவர். பட்டியலில் அவர் பெயர் இல்லாதபடியால் அவரை 'எண்ணிக்கையில் சேராத கூலியாள்' என்று வைத்துக்கொண்டார்கள். முதல் கிழமையிலேயே அவர் நிக்கலசின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, கட்டிப் போட்டு வைச்சா இதுக்குக் கால் போயிரும். விடியத்தால ஒருக்கா மணலுக்குக் கொண்டு போயிட்டு வாறன்.”

“கொண்டுபோற நிலையிலேயே திரும்பி வருமோ?”

“வேர்த்துப் போய் வரும் ஐயா.”

“பாத்தீரோ,” என்றார் நிக்கலஸ், கவலையோடு. “பட்டியலில வேர்வை இல்லை.”

பக்கீர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்டார். நிக்கலஸ் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அனுதாபத்தோடு மறுத்தார். இருவருக்கும் இடையில் ஒருநாளும் சத்தம் உயர்ந்ததில்லை. அலுவலகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் சுதந்திர தின விழாக் குழுத் தலைவர் கனகசபை வந்தார். கழுத்தில் சால்வை, கையில் மகஜர். ஊர்வலத்துக்கு முன்னால் சாம்பியன் குதிரை போனால் திருகோணமலைக்கே மதிப்பு என்றார்.

“லாடம் தேயும்,” என்றார் நிக்கலஸ்.

“ஓட வேண்டாம் நிக்கலஸ். நடந்தாப் போதும்.”

“நடந்தாலும் தேயும்.”

கனகசபை சளைக்கிற ஆள் இல்லை. “அப்ப நாங்கள் தூக்கிக்கொண்டு போறம். பதினாறு பேர் காணுமோ?”

நிக்கலஸ் அதை உண்மையாகவே யோசித்தார். “தூக்கிற ஆக்களின்ர பேர், விலாசம், ஆளுக்கொரு பிணை. இடையில ஆரும் கை விட்டா ஆர் பொறுப்பு?”

கடைசியில் இரு தரப்பின் கௌரவத்துக்கும் பொருத்தமான ஒரு முடிவு வந்தது. குதிரை ஊர்வலத்துக்குப் போகவில்லை. ஊர்வலம் குதிரையிடம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாண்ட் வாத்தியம், கொடி எல்லாம் நான்காம் இலக்கக் களஞ்சியத்தின் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று மரியாதை செய்தன. “இதுவரை எவராலும் தோற்கடிக்கப்படாத, இனியும் தோற்கடிக்க முடியாத எங்கள் மொன்சூன் கிங்” என்று கனகசபை முழங்கினார். துறைமுகத்துக்காரர் நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அதற்குப் பிறகு வருடாவருடம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையில்லை.

குதிரை ஒன்றுதான் எங்கள் முறைகளுக்குப் பழகவில்லை. காலை ஏழு மணிக்குத் துறைமுகத்துச் சங்கு ஊதும். ஊதினதும் மொன்சூன் கிங் காதை நிமிர்த்தி, பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்கக் கதவைப் பார்க்கும். கதவு திறக்கும், பக்கத்தில் மற்றக் குதிரைகள் இருக்கும், இதோ புறப்பட வேண்டியதுதான் என்று அதற்கு நினைப்பு. அந்தச் சங்குக்கு ஓர்ஸ் ஹில்லில் இருந்தும் அன்புவழிபுரத்தில் இருந்தும் கிளாக்கர்மார் இருநூறு பேர் வேலைக்கு உள்ளே போவார்கள். வெளியே போக நினைத்த சீவன் அது ஒன்றுதான்.

நாலாம் வருடம் நடுக்கம் நின்றது. ஐந்தாம் வருடம் காது மட்டும் நிமிர்ந்தது. ஆறாம் வருடம் சங்கு ஊதியபோது அது புல்லைத் தின்றுகொண்டே நின்றது. நிக்கலஸ் அதைக் கண்டார். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஏனோ அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு மத்தியானமும் காற்சட்டைப் பைக்குள் ஒரு கரட் கிழங்கை ஒளித்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போகத் தொடங்கினார். வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவார். முதலில் வாளியில் ஒரு கடதாசியை விரிப்பார். “என்ன, சுகமோ?” என்று கேட்பார். குதிரை அவருடைய உள்ளங்கையில் மூச்சு விடும். முப்பது வருடமாக ஆயிரக்கணக்கான சாமான்களைக் காத்து வந்தவர், ஒரு சாமான் மீது அன்பு வைத்தது அதுதான் முதல்தடவை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

1964 தை மாதம் குதிரை முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கத் தொடங்கியது. பக்கீர், மிருக வைத்தியர் இராஜநாயகத்தைக் கூட்டிவந்தார். அவர் குனிந்து குளம்பைப் பார்த்தார். நிமிர்ந்து நிக்கலசைப் பார்த்தார்.

“இதை இண்டைக்கே வெளியில விடுங்கோ. முதல் நடக்க வேணும், பிறகு ஓட வேணும். இல்லாட்டி பங்குனி முடியேக்க இதால ஓட ஏலாது.”

“பங்குனி எத்தினையாம் திகதி?” என்று கேட்டார் நிக்கலஸ்.

“என்ன?”

“கணக்கெடுப்பு பங்குனி இருபத்தஞ்சு. நான் இளைப்பாறுறது முப்பத்தொண்டு.”

வைத்தியர் பையை மூடினார்.

நிக்கலஸ் மேசைக்குப் போய்ச் சிட்டைப் புத்தகத்தை எடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் தானாக விரும்பி அவர் அதைத் திறந்தது இதுவே முதல்முறை. 'குதிரை – 1' என்று எழுதினார். 'காரணம்: ஓடுவதற்கு' என்று எழுதினார். பக்கீர் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்து வைக்கிற இடத்தில் பேனை நின்றது. ஓடினால் பாவித்ததாகும். பாவித்தால், இத்தனை வருடம் காத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மை விழும். அதுவும் ஒரு குதிரைக்காக.

“இன்னும் ஒம்பது கிழமைதானே பக்கீர்,” என்றார். “அது பொறுக்கும்.”

பிறகு அழுதார். கண்ணீர் சிட்டையில் விழுந்து மை கலங்கியது. இலக்கம் அடித்த தாள் ஆனபடியால் கிழிக்க முடியாது. 'இரத்து' என்று குறுக்கே எழுதித் திகதியும் போட்டார்.

ஒன்பது கிழமையும் குதிரை பொறுத்தது. பங்குனி இருபத்தைந்தாம் திகதி, கொழும்பில் இருந்து கணக்கெடுப்பு அதிகாரி தங்கரத்தினம் வந்தார். கொக்கிகளை எண்ணினார். ஏணிகளை எண்ணினார். வாசலில் நின்றபடியே குதிரையையும் எண்ணினார். மேசைக்குத் திரும்பி, 'நல்ல நிலை, பாவிக்கப்படவில்லை' என்று எழுதி, எழும்பி நின்று நிக்கலசுக்குக் கைகொடுத்தார். இப்படியொரு களஞ்சியக் காப்பாளரைத் தன் சேவையில் கண்டதில்லை என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார்.

அவர் முதுகு மறைந்ததும் நிக்கலஸ் ஓட்டமும் நடையுமாக நான்காம் இலக்கத்துக்கு வந்தார். சிட்டை எழுதவில்லை. கையெழுத்து வைக்கவில்லை. இடுப்பில் தொங்கிய திறப்பால் பூட்டை நீக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்தார். வெயில் குதிரையின் மூக்குவரை வந்து விழுந்தது.

“கூட்டிக்கொண்டு போம் பக்கீர். மணலுக்குக் கொண்டு போம். வேர்க்கட்டும்.”

பக்கீர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மொன்சூன் கிங் வாசற்படிவரை வந்தது. ஒரு காலை வெளியே வைத்தது. பிறகு அதை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டது. பக்கீர் தட்டினார், கெஞ்சினார், பழைய பந்தயத் திடல் சத்தங்களையெல்லாம் போட்டுப் பார்த்தார். கடைசியில் நிலத்தில் குந்தி அதன் காலைத் தடவினார்.

“மறந்து போச்சு ஐயா,” என்றார். “இதுக்கு இனி ஏலாது.”

“ஏலும்,” என்றார் நிக்கலஸ். “இஞ்ச பார் ராசா, என்னைப் பார். இப்பிடி.”

சொல்லிவிட்டு அவர் ஓடினார். கோட்டு, கழுத்துப்பட்டி, சப்பாத்து எல்லாவற்றோடும், ஐம்பத்தைந்து வயதுத் தொந்தியையும் தூக்கிக்கொண்டு, முற்றத்தின் அந்தக் கரைவரை ஓடித் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது, கன்னத்தில் தண்ணீர் ஓடியது. “இப்பிடி, இப்பிடி” என்று சொல்லிக்கொண்டு இன்னொருமுறை ஓடினார். கிளாக்கர்மார் யன்னல்களில் தலை தலையாக நின்றார்கள். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. குதிரை கொஞ்சநேரம் அவரைப் பார்த்தது. பிறகு திரும்பி உள்ளே போய்ப் புல்லில் வாய் வைத்தது. நிக்கலஸ் அதைக் காணாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்த தங்கரத்தினம் திகைத்துப்போனார்.

“என்ன கூத்து இது? இந்த மனிசனை ஆர் வெளியில விட்டது?”

“ஒருத்தரும் விடல்ல ஐயா,” என்றார் பக்கீர், குந்தின இடத்தில் இருந்து எழும்பாமல். “அடைச்சு வைச்சதும் ஒருத்தரும் இல்ல. முப்பத்தொரு வருசமா திறப்பு அவர்ட இடுப்பிலதான் கிடந்தது.”