பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரப்படும்

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சானுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கர்த்தர் என்னைச் சுகமாகவே வைத்திருக்கிறார். உங்கள் சுகத்துக்கும் அக்காவின் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். இனி விஷயம். சனிக்கிழமை விமானத்தில் என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள். "ரிட்டையரான வயசுல வெளிநாடு போய் ஏழைங்களுக்கு நீங்க என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று உங்கள் தங்கச்சி சபையார் முன்னாலேயே கேட்டாள் அல்லவா, அந்த வாய்க்கு நானே சர்க்கரை போட வேண்டியதாகிவிட்டது.

நடந்தது இதுதான். இந்தத் தொண்டு நிறுவனத்தில் என்னைத் துணி அறையில் போட்டார்கள். நன்கொடையாக வரும் துணிகளைப் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு பை என்று ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குகிறவரும் கேட்பதில்லை. பொறுப்பாளரம்மா நல்லவர், ஆனால் கண்டிப்பு. தோளிலிருந்து நழுவுகிற, இரண்டு சைஸ் பெரிய பழுப்புக் கோட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "பேச்சு குடுக்காதீங்க, பையைக் குடுங்க, வரிசை நகரணும்" என்றார். ஆயுசு முழுக்க ஜவுளிக் கடையில் நின்றவனிடம் சொல்கிற பேச்சா இது?

முதலில் வந்த அம்மாவுக்காக ஒரே ஒரு பையைத்தான் பிரித்தேன். பிரித்துவிட்டுக் காட்டாமல் இருக்க முடியுமா, ஒன்றைக் காட்டினால் பக்கத்தில் இன்னொன்றைப் போட வேண்டாமா, "அது கிடக்கட்டும், இந்தப் பச்சையைப் பாருங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று அரைகுறை பாஷையில் சொல்லிக்கொண்டே உதறி உதறிப் போட்டதில் மேஜை நிறைந்து, தரை நிறைந்து, வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. அந்த அம்மா பச்சையைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "இத்தனை வருஷமா பை வாங்குறேன், எனக்கு என்ன கலர் பிடிக்கும்னு யாரும் கேட்டதில்ல. எனக்கே மறந்துபோச்சு" என்றார். அந்தப் பச்சையை நானே மடித்து அவர் கையில் கொடுத்தேன். அந்த வேகத்தில், பழைய கடைப் பழக்கத்தில், "வீட்டுல போட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா கொண்டு வாங்க, மாத்திக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அதுதான் வினை. மறுநாள் வாங்க வந்தவர்களைவிட மாற்ற வந்தவர்கள் அதிகம். ஒருவர் போன குளிர்காலத்தில் வாங்கிய பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு தம்பதி நீலமா சிவப்பா என்று ஜன்னலிலேயே மல்லுக்கட்ட, வரிசையில் வருகிறவர்களுக்குச் சூப் காய்ச்சும் சமையல்காரர் ஓடிவந்து விலக்கிவிட, அடுப்பில் சூப் அடிப்பிடித்து, அன்றைக்கு எல்லோருக்கும் வெறும் ரொட்டிதான். பொறுப்பாளரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயா, இது கடை இல்ல, தர்மம்" என்றார். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தர்மம்னா சைஸ் பாக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். சாயங்காலமே டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

ஆகவே மச்சான், எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். முழுப் பொய்யில்லை, முழங்கால் சாட்சி. அவள் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், பழகியதுதான். நான் போனதும் அந்த அம்மாவிடம் மறுபடியும் முடிச்சுப் போட்ட பையை நீட்டுவார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரமும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். விமான நிலையத்துக்கு நீங்களே வந்துவிடுங்கள், டாக்சிக்காரனோடு பேரம் பேச எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி புருஷன்

பி.கு.: மேலே எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம். கடிதத்தை உறையில் போடும்போது யாரோ துணி அறை ஜன்னலைத் தட்டினார்கள். பொறுப்பாளரம்மா. அந்தப் பழுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்கும் ஒருகாலத்தில் பையில் வந்ததுதானாம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "பிடிக்கலைன்னா மாத்தித் தருவீங்களாமே" என்றார். "டிக்கெட்?" என்று இழுத்தேன். "அதை அப்புறம் பாக்கலாம், முதல்ல வேற கோட்டைக் காட்டுங்க" என்றார். இருந்த கோட்டுகளையெல்லாம் மேஜையில் பரப்பியிருக்கிறேன். நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் நிற்கிறார். சனிக்கிழமைக்குள் முடிவெடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. நீங்கள் விமான நிலையத்துக்கு வர வேண்டாம்.