முகப்பூட்டு டாக்டர்

நைரோபி ரிவர் ரோட்டில் அந்த மாடிப்படி முழுக்க ஒரே கூட்டம். அத்தனை பேரும் படித்தவர்கள். போனிலேயே போக்கர் ஆடி ஊரான் காசை உறிஞ்சிய சூரர்கள். சனிக்கிழமை முதல் தடவையாக நிஜ மேசையில், நிஜ ஆட்களுக்கு எதிரே உட்காரப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல். போனுக்குப் பின்னால் மூஞ்சி எப்படி இருந்தால் யாருக்கு என்ன? நேரில் உட்கார்ந்தால் எதிராளி மூஞ்சியைப் பார்த்தே கையிலிருக்கும் கார்டைச் சொல்லிவிடுவானாமே!

யார் சொன்னது? டாக்டர் முகெண்டி சொன்னார். எதில் டாக்டர் என்று கேட்காதீர்கள். கேட்கத் தெரிந்தவன் எவனும் அந்த மாடி ஏறவில்லை. முகத்தைப் படிப்பாராம். படித்த முகத்துக்கு எண்ணெய் தடவிப் பூட்டுவாராம். பூட்டுக்குக் கட்டணம் உண்டு. மாண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரம் இலவசம்.

பெஞ்சில் முத்திசோ சட்டைப்பையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். வருஷக்கணக்காகப் போனில் மல்லுக்கட்டி ஜெயித்த சனிக்கிழமைப் போட்டி இடம், ஒரு அனுமதிக் கடுதாசியாக உள்ளே இருந்தது. பெண்டாட்டி குடியிருக்கும் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி அவன் ஆடாமல் திரும்ப முடியாது.

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். "போன்ல உங்க பேரு?"

"சிங்கம்."

"அட, நீங்கதானா! நான் கழுதைப்புலி. நிஜப் பேரு நியாபொகே."

"நீங்க பொம்பளையா? 'வாடா தடியா'ன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்!"

"திட்டுறப்பல்லாம் உங்க காசை அள்ளிக்கிட்டுதானே போனேன்."

முத்திசோவின் முறை வந்தது. நாற்காலிக்குப் பின்னால் டாக்டரின் உதவியாளன் ஒரு சிவப்புத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றான். எண்ணம் பின்பக்கமாக ஒழுகாமல் இருக்கவாம்! முத்திசோ ஒரு கார்டை எடுத்து, போனில் செய்தி படிப்பதுபோல மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பார்த்தான். டாக்டர் முறைத்தார். முனகினார்.

"இஸ்பேடு ராணி!"

சரி. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. "யேசுவே!" என்று கூட்டம் அலறியது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "தம்பி, உன் மூஞ்சிக்குப் பூட்டே மாட்டாது. தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ் கதவு மாதிரி கிடக்கு. சனிக்கிழமை ஊரே சிரிக்கும். அந்தக் கடுதாசியை எங்கிட்ட குடு. பூட்டின ஆள் ஒருத்தனை உன் இடத்துல உட்கார வைக்கிறேன். ஜெயிச்சா உனக்கும் பங்கு."

மேசைமேல் அப்படிப்பட்ட கடுதாசிகள் ஏற்கெனவே ஒரு கட்டு கிடந்தன. முத்திசோவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் எடுத்து நீட்டினான், மடையன்!

"டாக்டர், ஒரு நிமிஷம். அதுக்கு முன்னால என் மூஞ்சியையும் பாத்துடுங்க." நியாபொகே அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். "இதைக் கழட்டணுமா?"

"இரும்புச் சட்டியைக் கவுத்துக்கிட்டாலும் எனக்குத் தெரியும்."

அவள் கார்டைத் தூக்கினாள்.

"கிளாவர் ஏழு!"

"சிங்கம், எட்டிப் பாத்துச் சொல்லுங்க, சரியா?"

"ஏழேதான்!" கைதட்டல் பறந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். "போட்டுப் பாருங்க."

போட்டான். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு டேப். "ஐயோ, ஒண்ணுமே தெரியலையே!"

"எனக்கும்தான் தெரியலை. நானே பாக்காத கார்டை என் மூஞ்சி எப்படிய்யா சொல்லுச்சு?"

அப்போதுதான் கூட்டம், கார்டைப் பார்த்தது வேறு யார் என்று யோசித்தது. நாற்காலிக்குப் பின்னால் துணியின் ஓரத்தில், உதவியாளனின் ஏழு விரல்கள் இன்னும் நீட்டியபடியே நின்றன. ராஜா ராணிக்குத் துணி குலுங்கும்; அது சாயும் பக்கத்தை வைத்துக் கிளாவரா இஸ்பேடா என்று டாக்டர் தெரிந்துகொள்வார். தெய்வ சக்தி அவ்வளவுதான்!

முத்திசோ பாய்ந்து தன் கடுதாசியைப் பிடுங்கினான். மற்றவர்கள் கட்டின்மேல் விழுந்தார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் டாக்டர் பின்படியில் இறங்கி ஓடினார்.

"கார்டை மேசையிலேயே வைங்க," என்றாள் நியாபொகே. "கையால மூடிக்கிட்டு ஓரத்தை மட்டும் தூக்கிப் பாருங்க. இதுக்குப் போய் எண்ணெயாம், பூட்டாம்!"

முத்திசோ நெஞ்சை நிமிர்த்தினான். "சனிக்கிழமை பாத்துக்கலாம், கழுதைப்புலி."

படியிறங்கும்போது கோட்டு போட்ட ஒருவர் அவள் பின்னாலேயே ஓடிவந்தார். "அம்மா, இவன் போலின்னு தெரிஞ்சுபோச்சு. நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?"

"தெரியும். உங்க கழுத்துக்கு மேலேயே குடியிருக்கார். ஒரு நாளாவது போய்ப் பாருங்க."