பரீட்சை இல்லாத பரீட்சைக்கு நான் படித்த கதை

ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு டிசைனர்கள் ஏன் அதிகம் வருவதில்லை என்று பெரிய படிப்புக்காரர்கள் எல்லாம் கேட்கிறார்களாம். மற்றவர்கள் காரியம் எனக்குத் தெரியாது. ஒருத்தி வராமல் போனதற்குக் காரணம் நான்தான்.

என் மகள் ஷீபா டிசைனர். போனில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற ஜோலி. ஓப்பன் சோர்ஸ் என்றால், பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் கூடி ஒரு ஆப் செய்து, எல்லாருக்கும் சும்மா கொடுப்பது. (நம்ம சபை அசனச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடி காய் வெட்டுகது போலயாக்கும்.)

அப்படி ஒரு கிறிஸ்தவப் பாட்டுப்புத்தக ஆப் உண்டு. கோயிலில் பாட்டு நம்பர் சொன்னால், நான் அதில் தேடி எடுப்பதற்குள் இரண்டாம் சரணம் முடிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ஷீபா, பெரிய பெரிய நம்பர் பொத்தான்கள் வைத்து ஒரு புது முகப்பு வரைந்தாள். மூன்று மாத ஞாயிறு மத்தியானங்கள் அதிலே போயின.

புரோகிராம் எழுதுகிறவர்கள் சம்மதிக்கவில்லை. பழசில் என்ன குறை என்று கேட்டார்கள். "எங்கம்மா தேடுகதைப் பாருங்க, புரியும்" என்று வீடியோ காலில் என்னைச் சாட்சிக்கு உட்கார்த்த நாள் குறித்தாள்.

எனக்கு வெப்பிராளம் பிடித்துக்கொண்டது. நாலாம் கிளாஸ் படிப்பு. அத்தனை பேர் முன்னால் மகளுக்கு நாணக்கேடு வந்துவிட்டால்?

"அம்மா, இது பரீட்சை இல்ல. தெரியல்லன்னா தெரியல்லன்னு செல்லுங்க. அதுதான் எனக்கு வேணும்."

(தெரியல்லன்னு செல்லுகதுக்கு யாராவது உடுத்து ஒருங்கி இருப்பாளா?) சண்டே ஸ்கூலில் வசனம் மனப்பாடம் செய்து சோப்புப்பெட்டி பரிசு வாங்கினவள் நான். ஒரு வாரம், அவள் ஜோலிக்குப் போன நேரமெல்லாம் பழைய ஆப்பை உருப்போட்டேன். மேலே மூன்று கோடு, இரண்டாவது வரி, கீழே தள்ளு, வலது மூலையில் அமுக்கு...

அந்த நாள் வந்தது. திரையில் ஐந்து தலைகள். ஒரு கண்ணாடிக்காரர், "ஆண்ட்டி, நூத்தி இருபத்தேழாம் பாட்டு எடுங்க" என்றார். பழைய ஆப்பில் ஒரே மூச்சில் எடுத்தேன்.

"சூப்பர் ஆண்ட்டி!"

ஷீபா திறந்த வாயை மூடவில்லை. அடுத்தது அவள் வரைந்த புதுசு. என் விரல் மனப்பாடத்தை விடுமா? நம்பர் பொத்தான்கள் பூசணிக்காய் மாதிரி முன்னால் நிற்க, நான் வலது மூலையையே அமுக்கினேன். அது எழுத்தைப் பெரிசாக்குகிற இடமாம். கடைசியில் போன் நிறைய ஒரே ஒரு 'க' நின்றது.

"பாத்தீங்களா, ஆண்ட்டிக்குப் பழசுதான் ஈஸி. மாத்த வேண்டாமே" என்றார் கண்ணாடிக்காரர்.

"நான் படிச்சிட்டு வந்தேன்" என்று சொல்ல வாய்வரை வந்தது. ஐந்து தலைகளையும் பார்த்ததும் கும்பிட்டு வைத்தேன்.

ஷீபா லேப்டாப்பை மூடினாள். "எத்தற நாளு படிச்சீங்க?"

"ஒரு ஆழ்ச்சதான், மக்கா."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. "புரோகிராம் எழுதினவனுக்கு, அது ஓடினா அதுவே சாட்சி. வரைஞ்சவளுக்கு ஒரு மனுசன் தடுமாறிக் காட்டணும். எனக்குக் கிட்டின ஒரே மனுசன் நீங்க!"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

போன மாதம் கண் ஆசுபத்திரிக்குப் போனோம். என்னை உள்ளே கூப்பிடும் முன்னே ஷீபா ஓடிப்போய் எழுத்துப் பலகையை மறைத்து நின்றாள். "டாக்டரே, எங்கம்மா வரும்முன்ன இதை மாத்திருங்க. படிச்சிட்டு வந்திருவாங்க!"

(கதவு இடுக்கு வழியா ரெண்டு வரி அதுக்குள்ள மனப்பாடம் ஆயிருந்தது.)