ரெனிட்டாவுக்கு வந்த அந்திம இஷாரா

போபோடி, புனே
திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தம்பி தேவநேசனுக்கு, உன் அக்கா பாக்கியவதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கு நானும் உன் அத்தானும் தேவகிருபையால் நலமாக இருக்கிறோம். எங்கள் வீட்டில் தங்கிக் காலேஜில் படிக்கும் உன் மகள் ரெனிட்டாவும் சரீரத்தில் நலமே. சரீரத்தில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போக உனக்குத் தெரியும். முதலில் உட்கார்ந்துகொள். இதை உன் மனைவி கையில் கொடுத்துவிடாதே, அவளுக்கு ஏற்கெனவே பிரஷர்.

போன்ல சொல்லியிருக்கலாந்தான். நான் போன்ல பேசுனா தெருவுக்கே கேக்கும்னு உனக்குத் தெரியும், ரெனிட்டா வேற அடுத்த ரூம்ல இருக்கா. அதான் எழுதுதேன். போன வியாழக்கிழமை அவ குளிக்கப் போயிருந்தா, போன் மேசையில கெடந்து சிணுங்குச்சு. அடுத்தவங்க போனப் பாக்குறவ நான் இல்ல, கர்த்தருக்குத் தெரியும். மேசை தொடைக்கப் போன எடத்துல கண்ணு பட்டுட்டு. காலேஜ்ல இருந்து வந்த சேதி, பாதி இங்கிலீசு, பாதி மராத்தி. எனக்கு இங்கிலீசு ஓடாது, ஆனா பஸ் போர்டு பாத்துப் பாத்து மராத்தி எழுத்தக் கூட்டிப் படிச்சிருவேன். தலைப்புல ‘அந்திம இஷாரா’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அந்திமம்னா சாவு சமாச்சாரம், நமக்குத் தெரியும். இஷாரான்னா இந்தியில கண்ணக் காட்டிச் சைகை செய்யிறது, இந்த ஊருப் பயலுவ பஸ் ஸ்டாப்புல நின்னு செய்யிதானுவளே, அது. அப்ப எவனோ ஒருத்தன் உன் மகளுக்குக் கடைசியா ஒரு தடவை கண்ணக் காட்டியிருக்கான், அதக் காலேஜே கண்டுபுடிச்சு எழுதியிருக்கு! கீழ படிச்சா அவ பேரு, பேருக்கு நேரா ஒத்த வார்த்தை: ‘அபாத்ர’.

ஏ தம்பி, அது நம்ம கோயில்ல கேக்குற வார்த்தையில்லா! ராப்போஜனம் குடுக்க முந்தி போதகர் மேசைகிட்ட நின்னு, அபாத்திரமா யாரும் அப்பத்துல கை வைக்காதீங்கன்னு எச்சரிப்பாரே, அதே வார்த்தை. சபைக்கே தெரியாத பாவம் காலேஜுக்கு எப்படித் தெரிஞ்சிது? எதுக்கும் கேட்டுக்கிடுவோம்னு எதுத்த வீட்டு அம்ருதாகிட்ட ஓடுனேன். மராத்திக்காரி, வாசல்ல உக்காந்து வெந்தயக்கீரை ஆஞ்சிக்கிட்டிருந்தா. பேரச் சொல்லாம, பொதுவா கேக்குற மாதிரி, “அபாத்ர மஞ்சே காய்?”னு அர்த்தம் கேட்டேன். “லாயக் நாஹி”ன்னுட்டா, தலையக்கூட நிமிராம. லாயக்கில்லாதவளாம்! “கோண்?”னு யாரைன்னு விசாரிச்சா. “யாருமில்ல, யாருமில்ல”ன்னு தமிழ்லயே சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்.

அதுல இருந்து நான் சோறு தண்ணி இறங்காம உபவாசம். புள்ளையக் கவனிச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் பொருந்துது. பால்கனியில நின்னு போன்ல சிரிக்கா. கத்திரிக்காப் புளிக்கொழம்பு வேண்டாங்கா. உன் அத்தான்கிட்ட சொன்னேன், “அவகிட்டயே கேட்டுரேன்”ங்காவ, பேப்பரப் பாத்துக்கிட்டே. அவியளுக்கென்ன! நேத்து ராப்போஜன ஞாயிறு. எங்க வரிசை எந்திரிச்சு மேசைக்குப் போவுற நேரம், அவளும் துப்பட்டாவத் தலையில போட்டுக்கிட்டு எந்திரிச்சா. நான் நுனியப் புடிச்சு இழுத்துட்டேன்.

“என்னத்தே?”

“உக்காருட்டி.”

“ஏன்?”

“உக்காருன்னா உக்காரு. அப்பத்தத் தொட்டா நீ பொழைக்க மாட்ட.”

மெதுவாத்தான் சொன்னேன். அந்த நேரம் பாத்துப் பாட்டு நின்னுபோச்சு. போதகர் கிண்ணத்தோட திரும்பிப் பாக்காரு. பின் வரிசை ஹெலினா டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டுப் பாக்கா. வீட்டுக்கு வந்ததும், “நான் என்ன செஞ்சேன், சொல்லுங்க!”ன்னு கத்துதா உன் மக.

“என்கிட்டயா கேக்க? எவன்ட்டி கண்ணக் காட்டுனது?”

“யாரு?”

“கடைசியாக் காட்டுனவன்!”

அவ போன எடுத்து அந்தச் சேதிய மூஞ்சிக்கு நேர நீட்டுனேன். படிச்சுப் பாத்துட்டுத் தரையில உக்காந்து சிரிச்சா. சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே அழ ஆரம்பிச்சிட்டா. “அத்தே, மராத்தியில இஷாரான்னா எச்சரிக்கை. இது கடைசி எச்சரிக்கை. அபாத்ரன்னா இப்போதைக்குப் பரீச்சை எழுதத் தகுதி இல்லன்னு அர்த்தம்”ங்கா. கெமிஸ்ட்ரியில எல்லாம் நல்ல மார்க்காம். ஆனா டிகிரி கைக்கு வரணும்னா மராத்தி பேசுற பாடம் ஒண்ணு, ரெண்டே கிரெடிட்டு, அதுலயும் பாஸாவணுமாம். போன வருசம் வாய்மொழிப் பரீச்சையில போயிட்டாளாம். பொடிப் பாடந்தானன்னு விட்டிருக்கா. காலேஜு எச்சரிக்கை மேல எச்சரிக்கை அனுப்பியிருக்கு, இவ சேலைக்கடை விளம்பரத்தோட சேத்துத் தள்ளிவிட்டிருக்கா. இப்ப மறுபரீச்சையிலயும் போனா கடைசி வருசப் பரீச்சைக்கு உக்கார விடமாட்டாங்களாம். எனக்கு நேத்து இருந்ததவிட இன்னிக்குத்தான் பயம் கூடுதல். பாவம்னா முழங்கால் போட்டா மன்னிப்பு உண்டு. கிரெடிட்டுக்கு எந்த முழங்காலப் போட?

“அப்பாட்ட சொல்லிராதீங்கத்தே”ன்னு காலப் புடிக்கா. ஒரு வருசம் தவறுனாலும் கூட்டிட்டுப் போயி கல்யாணத்த முடிச்சிருவேன்னு நீ ரயிலேத்தும்போதே சொன்னியாம். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால தம்பி, இதப் பாத்ததும் கெடைச்ச ரயிலப் புடிச்சு வந்துரு. என்னால தனியா இந்தப் பாரத்தச் சொமக்க முடியாது.

உன் வீட்டு வாசலையும், கொல்லை முருங்கையையும், உன் மனைவியின் பிரஷரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
கலக்கத்துடன் உன் அக்கா,
பாக்கியவதி

பி.கு.: நீ வராத. கவர ஒட்ட முந்தி, அந்த மராத்தி மேடத்தப் பாத்துக் கெஞ்சிருவோம்னு ரெனிட்டாவக் கூட்டிக்கிட்டு இன்னிக்குக் காலேஜுக்குப் போனேன். என்னால முடிஞ்ச நல்ல மராத்தியில, “ஏ பாயி, போரீலா பாஸ் கர் ரே, நாடக் நக்கோ கரூ”ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். மேடம் பேனாவக் கீழ வச்சிட்டு என்னப் பாத்தாங்க, ரெனிட்டாவப் பாத்தாங்க, அப்புறம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் சொன்னதுக்கு ‘ஏ பொம்பள, புள்ளையப் பாஸ் பண்ணுடா, நாடகம் போடாத’ன்னு அர்த்தமாம். போன வருசம் பரீச்சையில, பிரின்சிபால்கிட்ட லீவு கேட்டுக் காட்டுன்னு சொன்னதுக்கு இவளும் அச்சு அசலா இதே மாதிரிதான் சொன்னாளாம்: ‘யப்பா, லீவு குடுடா, நாடகம் போடாத.’ எங்க படிச்சன்னு அன்னிக்கே கேட்டாங்களாம், இவ என்னக் காட்டிக் குடுக்கலையாம். காய்கறிக்காரன்கிட்ட நான் பேசுறதக் கேட்டுத்தான் புள்ள படிச்சிருக்கு.

அடுத்த வாரம் மறுபரீச்சை. அதுவரைக்கும் அம்ருதா மரியாதை மராத்தி சொல்லிக்குடுக்கா. இவ பாஸாவணும்னா அவ காதுல விழுற மாதிரி நான் மராத்தி பேசவே கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. எனக்காகவும் ஜெபம் பண்ணு. அடுத்த ராப்போஜனத்துக்கு நான் எந்திரிச்சா, ரெனிட்டா என் சேலை முந்தியப் புடிச்சு இழுப்பாளாம்.