மன்னிக்கோணும் சார் பாதியில் விட்ட குறை

ஹோட்டலில் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு, அதற்காகச் சமையல்காரர் கையாலேயே ஒரு வடையை இலவசமாக வாங்கித் தின்ற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மன்னிக்கோணும் சார். மற்றவர்கள் குறை சொன்னால் சண்டை வரும். இவர் குறை சொன்னால் உறவு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்பாக்கத்தில், பிரம்மச்சாரிகள் விடுதியில் எனக்கு அவர் அறைத் தோழர். கோபிசெட்டிப்பாளையம் பக்கத்துக்காரர். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். அலுவலகத்தில் அவருக்கு மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. சூடோ அழுத்தமோ, எதை அளக்கிற மீட்டராக இருந்தாலும் அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்த்து, விலகியிருந்தால் திருகித் திருத்தி அனுப்புவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எந்தக் குறையையும் "மன்னிக்கோணுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் வாட்ச்மேனிலிருந்து விடுதிக் காப்பாளர் வரை எல்லோருக்கும் அவர் மன்னிக்கோணும் சார்தான்.

நான் கருங்குழிக்காரன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காபி ஆறிப்போய் வந்தால் அந்தச் செய்தி ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரி டிரைவருக்குக்கூடக் கேட்கும். கோபிக்காரரோ வாய் வெந்துபோகிற காபியைக் குடித்துவிட்டும் "சூடு கொஞ்சம் ஆர்வமா இருக்குதுங்க" என்பார். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்ட காப்பாளர் நிச்சயம் வேடிக்கை பார்க்கத்தான் போட்டிருக்க வேண்டும்.

குறை சொல்வதற்கென்று அவர் சட்டமே வைத்திருந்தார். தட்டில் ஒரு பருக்கை இருக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் தின்று, கையைக் கழுவி, துடைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கல்லாவில் இருக்கிற முதலாளியிடம் சொல்லவே கூடாது. சமைத்தவரிடம்தான் சொல்ல வேண்டும், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது. நல்லதாக மூன்று விஷயம் சொன்ன பிறகுதான் கெட்டது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. குறை சொன்ன மறுநாள் அதே கடைக்குப் போய் அதே பண்டத்தை வாங்கித் தின்ன வேண்டும். போகாவிட்டால் நீ சொன்னது குறை இல்லை, வெறும் திட்டு என்பார்.

செங்கல்பட்டு ரயிலடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் பொங்கலில் கல் கிடைத்தது. மெட்ராசுக்கு மின்சார ரயில் பிடிக்கக் கிளம்பியிருந்தோம். நானாக இருந்தால் கல்லை மேஜையில் வைத்து ஒரு தட்டுத் தட்டியிருப்பேன். இவர் முழுப் பொங்கலையும் தின்று முடித்து, கை கழுவி, மாஸ்டர் அடுப்பை விட்டு வெளியே வரும்வரை காத்திருந்தார். முதல் ரயில் போனது. மாஸ்டர் வந்ததும் சட்னியின் நிறத்தைப் பாராட்டினார். டம்ளர்களின் பளபளப்பைப் பாராட்டினார். மூன்றாவதாக எதுவும் அகப்படாமல் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பாராட்டினார். மாஸ்டருக்கு லேசாக வியர்த்தது.

"சார், எனக்கு ரெண்டும் பசங்க. பொண்ணு கெடையாது" என்றார்.

அதன் பிறகுதான் இவர் கல்லைக் காகிதத்தில் மடித்து, கல்யாணப் பத்திரிகை வைக்கிறமாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். மாஸ்டர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. இரண்டாவது ரயிலும் அதற்குள் போய்விட்டது. மறுநாள் அலுவலகம் விட்டதும் அதே பொங்கலைத் தின்ன இவர் கல்பாக்கத்திலிருந்து பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனார். சாயங்காலத்தில் பொங்கல் கிடையாது என்று சொல்லி, அந்த மாஸ்டர் கொடுத்ததுதான் நான் முதலில் சொன்ன வடை.

மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுத்து விற்கிற அஞ்சலை அக்காவிடமும் இதே கதைதான். அந்த அக்காவின் வாய்க்குப் பயந்து வெளிநாட்டுக்காரர்களே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் மீனைத் தின்று முடித்து, கடல் தண்ணீரில் கை கழுவிவிட்டு, அவள் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"மன்னிக்கோணுங்க அக்கா. மசாலா அருமைங்க, முறுகல் அருமைங்க, கடல் காத்தும் அருமைங்க. ஆனா இந்த மீனு நம்மள விட்டுப் போயி ரெண்டு நாளாச்சுங்களா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சாரு, எழவு வூட்ல துக்கம் கேக்குறமாரி கேட்டுகினு கீற?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்து முடித்ததும் அடியிலிருந்த கூடையை இழுத்து, அன்று காலை வந்த மீனை எடுத்துப் போட்டாள். அதிலிருந்து எப்போது போனாலும் "துக்கம் கேக்குற சாருக்கு எட்த்து வை" என்று ஒரு மீன் தனியாக இருக்கும். கூடப் போகிற எனக்கு மேல்கூடை மீன்தான்.

இப்படியே சிரிக்கிற கதைகளாகச் சொல்லி முடித்துவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் துரை மாஸ்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் எதுவுமே சொன்னதாகாது.

புதுப்பட்டினத்தில் நாங்கள் காலை டிபன் சாப்பிடும் கூரை ஹோட்டலில் துரைதான் மாஸ்டர். அந்த ஊர்க்காரர். இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். அவர் வைக்கிற சாம்பாருக்காகவே ஆபீஸ் பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. ஒரு தடவை டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்து எழுந்தார். அதற்குப் பிறகு சாம்பாரில் உப்பு ஒரு நாள் ஏறியும் ஒரு நாள் இறங்கியும் வந்தது. நாங்கள் எல்லாம் முகம் சுளித்துவிட்டுப் போனோம். மன்னிக்கோணும் சார்தான் பின்கட்டுக்குப் போய் மெதுவாகக் கேட்டார். காய்ச்சலோடு மணமும் ருசியும் போய்விட்டன, நாக்கு மரக்கட்டையாகிவிட்டது, முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

இதை அறையில் என்னிடம் சொன்னபோது, நாக்கு செத்த ஆளுக்குச் சமையல்கட்டில் என்ன வேலை என்று நான் கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"மீட்டர் வெலகிப்போச்சுன்னா தூக்கியா போட்டுடறோம்? தெனமும் சரி பாத்துக் குடுத்தா அதுபாட்டுக்கு ஓடுமுங்க."

மறுநாளிலிருந்து சரிபார்க்கக் கிளம்பிவிட்டார். காலை ஆறேகாலுக்குச் சைக்கிளில் போய் முதல் ஆளாக உட்கார்வார். இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். தின்று, கை கழுவி, பின்கட்டுக்குப் போய் "மன்னிக்கோணுங்க" என்று ஆரம்பித்து ஒரு சிட்டிகை உப்புப் போட வேண்டுமா, ஒரு சொம்பு தண்ணீர் விட வேண்டுமா என்று சொல்லிவிட்டு வருவார். ஆறரைக்கு மற்றவர்கள் வரும்போது சாம்பார் பழைய சாம்பாராக இருக்கும். மாஸ்டரின் கை நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு ஒரு நாக்குதான் வேண்டியிருந்தது. விடுதியில் இந்தக் கதை தெரியாதவர்கள், இவர் விடிந்ததும் குறை சொல்லாவிட்டால் இவருக்குக் கக்கூஸ் வராது என்று கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு வருஷத்துக்குமேல் இப்படி ஓடியது. பிறகு அவர் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஒரு வாரம் லீவு. கிளம்பும்போது என்னிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். உப்பை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும், மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றார். மாஸ்டரிடமும் என்னை அழைத்துப் போய் அறிமுகம் செய்துவைத்தார். மாஸ்டர் என்னைக் கும்பிட்டது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

நான்கு நாள் ஒழுங்காகப் போனேன். ஐந்தாம் நாள் அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேன். எட்டு மணிக்கு அலுவலக நண்பர்கள் மூன்று பேருடன் கூரை ஹோட்டலுக்குப் போனபோதுதான் நினைவே வந்தது. சாம்பாரில் உப்புக் கரித்தது. ஒரு நண்பன் துப்பியே விட்டான். நீ தினமும் ஓடி ஓடி வந்து தின்கிற அமிர்தம் இதுதானா என்று மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதுகூட நான் எழுந்து பின்கட்டுக்குப் போயிருக்கலாம். கடைக்குள் உண்மை தெரியக் கூடாத ஆள் முதலாளி ஒருவர்தான். அந்த முதலாளியைப் பார்த்துத்தான் நான் கத்தினேன்.

"இன்னாய்யா சாம்பார் இது? உங்க மாஸ்டரு கடல் தண்ணிய மொண்டு ஊத்திட்டாரா?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நண்பர்களின் சிரிப்பு என் கட்சிக்கு மாறியது. முதலாளி கல்லாவை விட்டு இறங்கி, நான் கத்தியது காதில் விழாமல் பின்கட்டில் இருந்த மாஸ்டரைக் கூப்பிட்டு, ஒரு டம்ளரில் சாம்பாரை ஊற்றிக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். மாஸ்டர் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கூடுதலா குறைவா என்று நான் கண்ணாலாவது காட்டுவேன் என்று பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் கீது மொதலாளி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் மாஸ்டரின் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். மறுநாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

மன்னிக்கோணும் சார் கல்யாணப் பலகாரத்தோடு ஊரிலிருந்து வந்தார். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் பத்தே நிமிஷத்தில் திரும்பிவந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அலாரத்தைக்கூட மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"மறுநா போனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். வெகுநேரம் பலகாரப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கோணுங்க. தப்பு என்னோடதுதானுங்க. அந்த மனுசனை விட்டுட்டு நான் ஒரு வாரம் போயிருக்கக் கூடாது" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன மன்னிப்புகளில் என்னைச் சுட்டது அது ஒன்றுதான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து மாஸ்டரைக் கண்டுபிடித்தார். முட்டுக்காட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் மாஸ்டர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சமையல் வேலை கேட்கவே மாஸ்டருக்குப் பயம் வந்துவிட்டதாம். இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மாஸ்டர் கரண்டியைத் தொட மறுத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இவர் பஸ் ஏறி முட்டுக்காடு போய் ஒரு டீ குடித்துவிட்டு, பின்னால் போய், டம்ளர் ரொம்பச் சுத்தமாக இருப்பதாக மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வருவார். அவர் குறையே சொல்லாத கடை அது ஒன்றுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் என்னையும் கூப்பிடுவார். மறுநாள் இன்னும் முடிந்துவிடவில்லை, வாருங்கள் என்பார். எனக்கு ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் துவைக்கத் துணி, ஒரு வாரம் கருங்குழியில் விசேஷம். எங்கள் வீட்டில் அத்தனை விசேஷம் நடந்தது எங்கள் வீட்டுக்கே தெரியாது.

அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. கடைசி ஞாயிறு காலையில் பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். அன்றும் கூப்பிட்டார். அன்றும் தலைவலி என்றேன். சரிங்க என்று ஏறி உட்கார்ந்தார். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மன்னிக்கோணுங்க..." என்றார். டிரைவர் ஹார்னை அமுக்கினார். அடுத்து அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. முட்டுக்காட்டிலிருந்து அவர் திரும்பி வந்தபிறகும் அது என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புதன்கிழமை ரயிலேறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நான் முட்டுக்காட்டுக்குப் போனேன். டீ குடித்தேன். கையைக்கூடக் கழுவினேன். பின்கட்டில் துரை மாஸ்டர் முதுகைக் காட்டிக் குந்தியபடி டம்ளர் கழுவுவது தெரிந்தது. நடுவில் பத்தடிகூட இருக்காது. வாசலில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். சில வருஷங்களில் ஈ.சி.ஆர். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கடையும் போய்விட்டது. மாஸ்டர் எங்கே போனார் என்று சொல்ல அங்கே ஆளில்லை. இப்போது எந்த ஹோட்டலில் குறை சொன்னாலும் மறுநாள் தவறாமல் போகிறேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

சார், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஜன்னலில் என்னைப் பற்றி ஆரம்பித்த குறை பாதியில் நிற்கிறது. அதை முழுதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் காலை ஆறேகாலுக்கு வாருங்கள். சாம்பார் நான் வைக்கிறேன், உப்பை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.